பார்சல் டிராக்கிங் ஏபிஐ: ஓடிக்கொண்டிருக்கும் கடைகளைப் புதியதுக்கு மாற்றிய விதம்

நான் வேலை செய்யும் சிறிய நிறுவனத்துக்கு ஒரே ஒரு தொழில். ஆன்லைனில் துணி, மசாலா, பாத்திரம் விற்கும் கடைகள் பல கூரியர்கள் வழியாகப் பார்சல் அனுப்புகின்றன. கூரியருக்குக் கூரியர் எண் வேறு, நிலவரம் சொல்லும் விதம் வேறு. அதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஏபிஐ-யாக, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழியாகத் தருகிறோம். கடையின் சர்வர் பார்சல் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் "கிளம்பிவிட்டது", "டெலிவரிக்கு எடுத்துப் போகிறார்கள்", "கொடுத்தாயிற்று" என்று பதில் போகும்.

பழைய ஏபிஐ கேட்டால்தான் சொல்லும். கடைகள் குறைவாக இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. ஒரு கடைக்கு 2,000 பார்சல் வழியில் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் விசாரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5,76,000 ரிக்வெஸ்ட். ஆனால் ஒரு பார்சல் கிளம்பி வீடு போய்ச் சேரும்வரை அதன் நிலை ஏழெட்டு முறை மாறினால் அதிகம். மற்ற அத்தனை கேள்விக்கும் பதில், போன தடவை சொன்னதேதான். போதாததற்கு, கொடுத்து முடித்த பார்சலைக்கூட மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருக்கும் கடைகள் உண்டு. பட்டியலிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்று யாரும் நிரல் எழுதியிருக்கவில்லை.

ரிக்வெஸ்ட் எண்ணிக்கையின் கிராஃபை நொடிவாரியாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு நிமிடமும் தொடங்கும் நொடியில் ஒரு பெரிய குத்து, அப்புறம் அடங்கிவிடும். ஐந்தின் மடங்கான நிமிடங்களில் குத்து இன்னும் உயரம். எல்லாக் கடைகளின் கிரான் வேலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) ஒரே நொடியில் எழுந்து வருவதுதான் காரணம். சராசரி ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்து சர்வர் வாங்கினால் அந்த ஒரு நொடியைத் தாங்காது. அந்த ஒரு நொடிக்காக வாங்கினால் மீதி நேரம் சும்மா நிற்கும். ஆடித் தள்ளுபடியில் மூச்சுத் திணறியது, தீபாவளிக்குள் வேறு வழி வேண்டும் என்று முடிவானது.

புதிய ஏபிஐ-யின் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எளிய பகுதி. நிலை மாறினால் நாங்களே கடையின் முகவரிக்குத் தகவல் அனுப்புவோம், அதாவது வெப்ஹுக். ஏதாவது தவறிப்போனால் "இந்தக் குறிக்குப் பிறகு மாறியதெல்லாம் கொடு" என்று கேட்க ஒரு பட்டியல். ஒரே ரிக்வெஸ்டில் 100 எண்கள்வரை கேட்க ஒரு வழி. பழைய பட்டியலில் பக்க எண் இருந்தது. 50-ஆம் பக்கம் கேட்டால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் முதல் 49 பக்கத்து வரிகளையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைத் தரும். நடுவில் புது வரி சேர்ந்தால் ஒன்று இரண்டு முறை வரும், அல்லது விட்டுப்போகும். கர்சர், அதாவது கடைசியாகப் படித்த இடத்தின் குறி, வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கடையை அடையாளம் காட்டும் ரகசியக் கீ முன்பு முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததால் வழியில் உள்ள எல்லா லாகிலும் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு) பதிந்துகொண்டிருந்தது. இப்போது ஹெடருக்கு, அதாவது ரிக்வெஸ்டோடு தனியாகப் போகும் தலைப்பு வரிக்குப் போய்விட்டது.

இதைக் கட்டுவதற்கு ஆன உழைப்பைவிட, பழையதில் இருப்பவர்களை இங்கே கொண்டுவர ஆன உழைப்பு பல மடங்கு. இதில் இறங்குபவர்கள் திட்டம் போடும்போதே அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, யார் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பது. கணக்குப் புத்தகத்தில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலும் லாகில் உள்ள கீ பட்டியலும் ஒத்துப்போகவே போகாது. வலைத்தளம் கட்டிக்கொடுக்கும் ஒருவர் தன் பெயரில் ஒரு கீ வாங்கி, தான் கட்டிய எல்லாக் கடைகளிலும் அதையே போட்டிருப்பார். எங்கள் பார்வையில் அது ஒரு வாடிக்கையாளர், உண்மையில் ஊர் முழுக்கச் சிதறிய கடைகள். இதைப் பிரித்தறிய எதிர்பாராத இடத்தில் உதவி கிடைத்தது. வலைத்தளம் கட்டப் பயன்படும் மென்பொருளான வேர்ட்பிரஸ் வெளியே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும்போது, யாரும் மாற்றாதவரை, கேட்பது யார் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் தன் பதிப்பு எண்ணோடு அந்தத் தளத்தின் முகவரியையும் சேர்த்தே அனுப்பும். லாகில் அந்த வரியை மட்டும் உருவி எடுத்ததும் ஒரே கீக்குப் பின்னால் இருந்த கடைகள் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. யாரிடம் பேச வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது, பழைய ஏபிஐ-யை அப்படியே ஒதுக்கி வைக்காமல், அதன் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, புதிய ஏபிஐ-யின் மேல் உட்காரும் மெல்லிய மொழிபெயர்ப்பாளராக மாற்றினோம். வெளியே அதே முகவரி, அதே பதில். உள்ளே ஒரே இயந்திரம். இதைச் செய்யாவிட்டால் இரண்டு அமைப்புகளைக் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டியிருக்கும். ஒன்றில் திருத்தினால் மற்றதில் திருத்த மறப்போம். மாற்றும் முன், வரும் ரிக்வெஸ்டின் ஒரு பகுதியைப் புதிய பாதைக்கும் நகலாக அனுப்பி, இரண்டு பதில்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். கடைக்குப் போவது பழைய பதில் மட்டும். வேறுபாடு எங்கள் லாகுக்கு.

அந்த லாகைப் படித்ததில் கற்றது கொஞ்சமல்ல. ஆவணத்தில் நாம் எழுதிவைத்தது மட்டும் ஒப்பந்தம் இல்லை. ஏபிஐ எப்படியெல்லாம் நடந்துகொள்கிறதோ, அதில் ஒவ்வொன்றையும் எவராவது ஒருவர் நம்பிக் கட்டியிருப்பார். கூகுளில் வேலை செய்த ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பெயரால் இதை ஹைரம் விதி என்பார்கள். படித்திருந்தேன், லாகில் பார்த்தபோதுதான் உறைத்தது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிலில் தேதி, ஓர் இடைவெளி, நேரம், அவ்வளவுதான். எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு கிடையாது, இந்திய நேரம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். புதியதில் முறைப்படி நேர மண்டலத்தோடு தர வேண்டும். எங்கள் குழுவில் பலரும் உலகப் பொது நேரமாகவே கொடுத்துவிடலாம், அதுதான் சுத்தம் என்றார்கள். ஒரு கடையின் நிரலை அவர்கள் அனுமதியோடு வாங்கிப் பார்த்தேன். தேதியை அவர்கள் தேதியாகப் படிக்கவே இல்லை. முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி, ஓர் எழுத்தைத் தாண்டி அடுத்த ஐந்து எழுத்தை வெட்டி நேரம், அதை அப்படியே எஸ்எம்எஸ்-இல் போடுகிறார்கள். பொது நேரத்தில் கொடுத்திருந்தால் மாலை 4.20-க்குக் கொடுத்த பார்சல் காலை 10.50-க்குக் கொடுத்ததாகப் போயிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஆளே இருந்திருக்க மாட்டார்கள், உடனே சண்டைதான். அதனால் இந்திய நேரத்தையே எழுதி, கடைசியில் +05:30 சேர்த்தோம். முறைப்படியும் சரி, எழுத்தை எண்ணி வெட்டுபவருக்கும் அதே இடத்தில் அதே எண் கிடைக்கும். இடைவெளி இருந்த இடத்தில் "டி" எழுத்து வந்தது. அந்த எழுத்தை அவர்கள் தாண்டித்தான் போகிறார்கள்.

பார்சல் எண்ணும் இப்படித்தான். வெறும் இலக்கமாக இருந்த எண்களைப் பழைய ஏபிஐ ஜேசனில் (தகவலை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) எண்ணாகவே அனுப்பிவந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும். அதைத் தாண்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போச்சு. ட்விட்டர் 2010-இல் இதே சிக்கலைச் சந்தித்துத்தான் ஒவ்வொரு ஐடியையும் எழுத்துச் சரமாகவும் தரத் தொடங்கியது. கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எண்ணாக அனுப்பாதீர்கள்.

"பழைய முகவரியிலிருந்து 301 போட்டுத் திருப்பிவிட்டால் முடிந்ததே" என்று ஒரு யோசனை வந்தது. 301 என்பது, முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது, அங்கே போ என்று சர்வர் சொல்லும் பதில் எண். கேட்க நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. பிஹெச்பி மொழியில் ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவியான கர்ல், கேட்டுக்கொண்டால் ஒழியத் திருப்பலைப் பின்தொடராது, காலியான பதிலோடு நிற்கும். பின்தொடரும் பல கருவிகளும் 301 வந்தால் தகவல் அனுப்பும் போஸ்ட் ரிக்வெஸ்டை வெறுமனே கேட்கும் கெட் ஆக்கிவிடும், உள்ளே வைத்த தகவல் காணாமல் போகும். அதற்காகவே 308 வந்தது, ஆனால் பழைய கருவிகள் எல்லாவற்றுக்கும் அது தெரியும் என்று சொல்ல முடியாது. வேறு பெயருள்ள சர்வருக்குத் திருப்பினால் கர்ல் அங்கீகார ஹெடரை அனுப்பாமல் விட்டுவிடும். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆக, திருப்பல் இல்லை.

புதிதாகச் சேரும் யாருக்கும் பழைய கீ கிடையாது என்று முதலில் அந்தக் கதவை மூடினோம். பழைய பதில்களில் இரண்டு ஹெடர்கள் சேர்த்தோம். சன்செட் ஹெடர் எந்தத் தேதிக்குப் பிறகு இது வேலை செய்யாது என்று சொல்லும். 2019-இல் ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) 8594 ஆக வந்தது. டெப்ரிகேஷன் ஹெடர் எப்போதிலிருந்து இது கைவிடப்பட்டது என்று சொல்லும். 2025-இல் ஆர்எஃப்சி 9745 ஆக வந்தது. இவற்றைத் தானாக யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் நாங்கள் தரும் பிஹெச்பி, பைத்தான் லைப்ரரிகளில் இந்த ஹெடரைக் கண்டால் கடையின் லாகில் எச்சரிக்கை எழுதும்படி செய்தோம். பிழை தேடி லாகைத் திறந்தவர் கண்ணில் அது பட்டது, சிலர் அங்கிருந்தே மாறிவிட்டார்கள்.

மின்னஞ்சல் அனுப்பினோம். பலனைச் சொல்ல ஒரு தொலைபேசிப் பேச்சு போதும்.

"சார், நீங்க அனுப்பின மெயில் எனக்கு வரவே இல்லையே. நீங்க சொல்ற ஐடி எங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பியோடது. அவரு இப்ப பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டாரு."

"பரவாயில்லை மேடம். இப்ப யாரு பார்த்துக்கறாங்க?"

"யாரும் இல்லைங்க. அது பாட்டுக்கு ஓடுது."

அது பாட்டுக்கு ஓடும் கடைகள்தான் பெரும்பாலும். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் வண்டியை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அதனால் அதிகப் போக்குவரத்து தரும் கடைகளை வரிசைப்படுத்தி மேலிருந்து ஒவ்வொருவராக அழைத்தோம். வேர்ட்பிரஸ் கடைகளுக்கு ஒரு பிளகின் (தளத்தில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) எழுதி, பழைய கீயைப் போட்டால் புதிய கீயை அதுவே வாங்கிக்கொள்ளும்படி வைத்தோம். கடைக்காரர் செய்ய வேண்டியது இரண்டே கிளிக். மாறுவதற்கான வேலை எவ்வளவு சிறிதோ அவ்வளவு பேர் மாறுவார்கள். "ஆவணத்தைப் படித்து மாற்றிக்கொள்ளவும்" என்பது பொறியாளர் இல்லாத கடைக்கு ஓர் உதவியே அல்ல.

வெப்ஹுக்கில்தான் நேரம் போனது. முகவரி பதிவு செய்தார்கள், நாங்கள் அனுப்பினோம், எதுவும் போய்ச் சேரவில்லை. ஒரு வகைக் கடைகளில் www என்ற முன்னொட்டு இல்லாத முகவரியைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சர்வர் அதை முன்னொட்டு உள்ள முகவரிக்குத் திருப்பியது. மேலே சொன்ன அதே 301, இந்த முறை எதிர்த்திசையில். இன்னொரு வகையில் ஹோஸ்டிங்கின் பாதுகாப்பு அடுக்கு தெரியாத இடத்திலிருந்து வரும் போஸ்ட் என்று 403 (அனுமதி இல்லை) கொடுத்தது. ஆகவே முகவரியைப் பதிவு செய்யும்போதே ஒரு சோதனைத் தகவல் அனுப்பி, 200 (சரி, கிடைத்தது) வந்தால் மட்டும் ஏற்றுக்கொண்டோம். வராவிட்டால் என்ன வந்தது என்பதை அதே பக்கத்தில் புரியும் தமிழில் காட்டினோம்: "உங்கள் தளம் வேறு முகவரிக்குத் திருப்புகிறது, அந்த முகவரியையே கொடுங்கள்." உதவி கேட்டு வரும் அழைப்புகள் அதோடு வெகுவாகக் குறைந்தன.

ஒரு கடையில் விநோதமான பிழை. சில பார்சல்களுக்கு மட்டும் கையொப்பம் பொருந்தவில்லை. அனுப்பும் தகவலோடு, கடைக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லை வைத்துக் கணக்கிட்ட ஹெச்மேக் கையொப்பமும் போகும். கடை அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். பொருந்தாத பார்சல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஊரின் பெயர் தமிழில் இருந்தது. கடையின் நிரல் வந்த ஜேசனைப் பிரித்து, மறுபடி ஜேசனாகக் கட்டி, அதற்குக் கையொப்பம் கணக்கிட்டது. பிஹெச்பி ஜேசன் கட்டும்போது, வேறு சொன்னால் ஒழிய, தமிழ் எழுத்துகளை எல்லாம் யூனிகோடு எண் குறியீடாக மாற்றிவிடும். பொருள் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. ஆங்கிலத்தில் "மதுரை" இருந்தால் பொருந்தும், தமிழில் இருந்தால் பொருந்தாது. வந்த தகவலைத் தொடாமல் அப்படியே கணக்கிடுங்கள் என்று சொன்னதும் ஒரு வரி மாற்றத்தில் தீர்ந்தது. அந்த மாதிரித் தகவலைச் சோதனை வெப்ஹுக்கிலேயே வைத்துவிட்டோம். இப்போது ஊர் பெயர் அதில் தமிழில்தான் வரும்.

ஒரே தகவல் இரண்டு முறை போவதும் நடந்தது. கடையின் நிரல் தகவல் வந்ததும் எஸ்எம்எஸ் அனுப்பி, மின்னஞ்சல் அனுப்பி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் 200 சொல்லும். அதற்குள் எங்கள் காத்திருப்பு நேரம் முடிந்து மறுபடி அனுப்புவோம். வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ். முதலில் 200 சொல்லுங்கள், அப்புறம் வேலையைப் பாருங்கள் என்று அறிவுறுத்தினோம். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஐடி, ஒரு வரிசை எண் சேர்த்தோம். ஐடி ஏற்கனவே டேட்டாபேஸில் இருந்தால் விட்டுவிடலாம், வரிசை எண் கையில் உள்ளதைவிடச் சிறியதானால் அது தாமதமாக வந்த பழைய செய்தி. "கொடுத்தாயிற்று" வந்த பிறகு "எடுத்துப் போகிறார்கள்" வருவது வெப்ஹுக் உலகில் சகஜம்.

இவ்வளவும் செய்தும் நகராத கடைகள் மிஞ்சின. அவர்களுக்குத் தெரிவிக்க ஒரே வழி, பழைய ஏபிஐ-யைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டுவது. இதில் முன்னோடிகள் உண்டு. ட்விட்டர் 2013-இல் தன் முதல் ஏபிஐ-யை மூடும் முன் இப்படி ஒத்திகை பார்த்தது. கிட்ஹப் கடவுச்சொல் கொடுத்து ஏபிஐ-யைப் பயன்படுத்துவதை 2020 நவம்பரில் நிறுத்தும் முன், செப்டம்பரிலும் அக்டோபரிலும் சில மணி நேரம் நிறுத்திப் பார்த்தது.

எப்போது நிறுத்துவது என்பதில் வாக்குவாதம் நடந்தது. இரவு இரண்டு மணிக்குச் செய்தால் பாதிப்பு குறைவு என்றார்கள். இரவில் செய்தால் யாருமே கவனிக்க மாட்டார்கள், கவனிக்க வைப்பதுதானே நோக்கம் என்றேன் நான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி என்று முடிவாயிற்று. கடையில் ஆள் இருப்பார்கள், எங்கள் ஆட்களும் போனை எடுக்கத் தயாராக இருப்பார்கள். முதல் தடவை ஐந்து நிமிடம், அடுத்த வாரம் கால் மணி, அப்புறம் ஒரு மணி நேரம். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி முடியும்வரை கை வைப்பதில்லை என்று எழுதிவைத்தோம். அந்த வாரங்களில் விழும் ஒரு கடையின் நஷ்டத்தை எந்தத் தொழில்நுட்பக் காரணமும் நியாயப்படுத்தாது.

நிறுத்தும்போது எந்த எண்ணைத் திருப்பி அனுப்புவது என்பதும் முக்கியம். 410 என்றால் "இது நிரந்தரமாகப் போய்விட்டது" என்று பொருள். அதைக் கண்டதும் பார்சலே இல்லை என்று முடிவு கட்டி ஆர்டரை ரத்து செய்யும் நிரல் ஏதாவது இருக்கலாம். ஒத்திகைக்கு 503 (இப்போதைக்கு முடியாது), கூடவே எத்தனை நொடி கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை ஆஃப்டர் ஹெடர், பதிலின் உள்ளே மாறும் வழியும் எங்கள் தொலைபேசி எண்ணும். 503-க்கு உடனுக்குடன் மறுபடி முட்டும் கடைகள் உண்டு என்பதால், கீ ஒன்றுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பை முன்கூட்டியே போட்டு, மீறினால் 429 கொடுத்தோம். முதல் ஐந்து நிமிடத்திலேயே போன் அடிக்கத் தொடங்கியது. மாதக்கணக்கில் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாதவர்கள், "அண்ணா, ஏதோ எரர் வருதுன்னு ஓனர் சொல்றாரு" என்று அவர்களாகவே வந்தார்கள். கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு லைனிலேயே இருந்து மாற்றிக் கொடுத்தோம்.

கடைசியில் நின்றவை, கடைக் கணினியில் நிறுவிய பழைய பில்லிங் மென்பொருள்கள். எழுதியவர் இல்லை, மூல நிரலும் இல்லை. இவர்களுக்கு வேறொரு முகவரியில் அந்த மொழிபெயர்ப்பாளரை மட்டும் விட்டுவைத்து, கடையின் கணினியில் முகவரியைத் திருத்திக் கொடுத்தோம். அதற்குக் கடுமையான வரம்பு உண்டு, ஒரே எண்ணை பத்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்டால் நினைவில் உள்ள பதிலே போகும். அந்த மறுகேள்வி டேட்டாபேஸ் வரை போகாது. ஒரு சிறு மெஷினில் ஓடுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய முகவரி இப்போது எல்லோருக்கும் 410 சொல்கிறது. நிமிடத் தொடக்கத்துக் குத்து கிராஃபில் தரையோடு ஒட்டிவிட்டது, வெப்ஹுக் போக்குவரத்து நாள் முழுக்கப் பரவலாக ஓடுகிறது. பழைய கீகள் எல்லாம் ரத்து. ஆனால் பழைய முகவரியின் பெயரையும் சான்றிதழையும் விடவில்லை, விடவும் போவதில்லை. மறந்துபோன சர்வர்கள் இன்றும் அங்கே பார்சல் எண்களோடு வந்து கதவைத் தட்டுகின்றன. அந்தப் பெயரைக் கைவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு, வருகிறதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம், பொய்யான பதிலும் கொடுக்கலாம். டொமைன் பெயரின் பதிவைப் புதுப்பிக்கும் வேலையை நாட்காட்டியில் இரண்டு பேர் பெயரில் போட்டு வைத்திருக்கிறோம்.